‘ஓஎஸ் போட்டுத் தர்றேன்’: அந்த ஆக்டிவேட்டரோடு சேர்ந்து வருவது என்ன?

சிறுசேரி சிப்காட்டில் வேலை கிடைத்து நாவலூரிலோ படூரிலோ அறை எடுக்கும் பலருக்குச் சீக்கிரமே ஒரு பழைய லேப்டாப் தேவைப்படுகிறது. அலுவலகம் கொடுத்ததில் சொந்த வேலை பார்க்கக் கூடாது, புதிது வாங்கக் கையில் பணம் இருக்காது. தாம்பரத்திலோ ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். கடைக்காரர் சொல்வார்: “ஓஎஸ் போட்டு, ஆஃபீஸும் போட்டுத் தர்றேன் தம்பி.” நீங்கள் கேட்பீர்கள்: “ஒரிஜினலாண்ணா?” அவர் சொல்வார்: “ஆக்டிவேட் ஆயிடும், பிரச்சினை வராது.”

கவனித்தீர்களா? நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

ஆக்டிவேஷன் என்றால் என்ன? இந்த விண்டோஸுக்கு உரிமம் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் சரிபார்க்கும் முறை, அவ்வளவுதான். 25 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு கீயை அடித்து இதைச் செய்யலாம். அல்லது லேப்டாப் தயாரிக்கும்போதே மதர்போர்டில் பதித்த கீயை விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும்.

ஆக்டிவேட் ஆகாவிட்டால்? விண்டோஸ் நின்றுபோகாது. திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக ஒரு வரி நிற்கும். செட்டிங்ஸில் வால்பேப்பர், நிறம் இவற்றை மாற்ற விடாது. பாதுகாப்பு அப்டேட்கள் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். உரிமம் வாங்காமல் அப்படியே காலம் தள்ளுவது மைக்ரோசாஃப்டின் விதிப்படி சரியல்ல. ஆனால் அந்த வரியால் உங்கள் கணினிக்கு ஓர் ஆபத்தும் கிடையாது. பலர் இந்த ஒரு வரியை அழிப்பதற்காகத்தான் உண்மையான ஆபத்தை உள்ளே விடுகிறார்கள்.

சரி, ஆக்டிவேட்டர் (உரிமம் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் ஆக வைக்கும் கருவி) எப்படி வேலை செய்கிறது? பல ஆயிரம் கணினிகள் வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கீ அடித்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஏற்பாடுகளில் ஒன்று கேஎம்எஸ் (நிறுவனத்துக்குள் ஒரு சர்வர் இருந்து மற்ற கணினிகளுக்கு அனுமதி கொடுக்கும் முறை). அந்த அனுமதி 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகளாவது கேட்டால்தான் சர்வர் விண்டோஸுக்கு அனுமதி தரும்.

பெரும்பாலான ஆக்டிவேட்டர்கள் இந்த ஏற்பாட்டுக்குத்தான் போலி வேஷம் போடுகின்றன. உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய் சர்வரை உட்கார வைக்கும். அல்லது இணையத்தில் யாரோ எங்கிருந்தோ நடத்தும் சர்வரோடு உங்களைக் கோத்துவிடும். 180 நாளில் காலாவதியாகிவிடக் கூடாதே? அதனால் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) ஒரு வேலையை எழுதி வைக்கும். ஆகவே “ஒரு தடவை ஓட்டினேன், உடனே டெலிட் பண்ணிட்டேன்” என்பது பல சமயம் உண்மையல்ல. நீங்கள் அழித்தது நிறுவும் கோப்பை மட்டும். அது வைத்துவிட்டுப் போனது உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும்.

‘ஆன்டிவைரஸ் கத்தினால் என்ன, கிராக் என்பதால்தானே கத்துகிறது?’ இந்தக் கேள்வி பாதி சரி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இவற்றை ‘ஹேக்டூல்’ என்ற வகையில் ‘ஆட்டோகேஎம்எஸ்’ என்று அடையாளம் காட்டும். அந்தப் பெயர் வந்தாலே வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. உரிமத்தை ஏமாற்றும் கருவி என்றுதான் பொருள். ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். வைரஸ் கலக்காத ஆக்டிவேட்டருக்கும் அலாரம் அடிக்கும், கலந்த ஆக்டிவேட்டருக்கும் அடிக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க உங்களால் முடியாது, கடைக்காரராலும் முடியாது.

வைரஸ் எழுதுகிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? “எச்சரிக்கை வரும், பயப்படாதீர்கள், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்” என்று அவன் குறிப்பு எழுதி வைத்தால் போதும், நீங்களே அணைத்துவிடுகிறீர்கள். அடுத்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ (கணினியில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற முழு அதிகாரம்) வேறு கொடுக்கிறீர்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத பிளம்பர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்த கதைதான் இது.

இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறதா? நிறையவே. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. ‘கேஎம்எஸ்பிகோ’ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய கோப்புகளில் ‘கிரிப்ட்பாட்’ என்ற திருட்டு நிரல் இருந்தது. பிரவுசரில் சேமித்த விவரங்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அது அள்ளிக்கொண்டு போகும். அதே கோப்புக்குள் உண்மையான ஆக்டிவேட்டரும் இருந்ததுதான் சாமர்த்தியம். விண்டோஸ் ஒழுங்காக ஆக்டிவேட் ஆனது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தென்கொரியக் காவல்துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட வழக்கு இன்னும் பெரிது. ‘கேஎம்எஸ்ஆட்டோ’ என்ற பெயரில் 2020 ஏப்ரல் முதல் 2023 ஜனவரி வரை ஒரு போலிக் கருவி உலகம் முழுக்கச் சுமார் 28 லட்சம் முறை இறங்கியிருக்கிறது. நீங்கள் கிரிப்டோ அனுப்ப ஒரு முகவரியைக் காப்பி செய்தால், பேஸ்ட் ஆகும்போது அது திருடனின் முகவரியாக மாறியிருக்கும். பறிபோனது ஏறத்தாழ 170 கோடி வொன், நம் கணக்கில் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். லிதுவேனியா நாட்டு ஆள் ஒருவரை ஜார்ஜியாவில் பிடித்துக் கொரியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவோடு தொடர்புடைய ‘சாண்ட்வார்ம்’ குழுவும் உக்ரைன்காரர்களைக் குறிவைத்து இதே வேஷத்தில் நுழைந்ததாக எக்லெக்டிக்ஐக்யூ என்ற நிறுவனம் 2025 பிப்ரவரியில் விவரம் வெளியிட்டது.

‘நான் கண்ட இடத்தில் டவுன்லோட் செய்வதில்லை. மூல நிரல் வெளிப்படையாக இருக்கும் ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுகிறேன்’ என்று ஐடி ஆட்கள் சொல்வார்கள். மூல நிரலை எல்லோரும் படிக்கலாம் என்பது உண்மை. அதில் வைரஸ் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஓட்டும் வழி என்ன? ஒரு இணைய முகவரியைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்வது. அந்த முகவரியில் ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டால் போய்ச் சேரும்படி ஒருவன் வேறு தளத்தைத் திறந்து வைத்திருந்தான். தவறாக அடித்தவர்களுக்கு ஆக்டிவேஷனுக்குப் பதில் தீய நிரல் இறங்கியது. 2025 டிசம்பரில் வெளிவந்த விஷயம் இது. ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் டீமிலேயே கேட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் பென்டிரைவில் வைத்திருக்கும் ‘ரெடிமேட்’ விண்டோஸ்? அதில் ஆக்டிவேட்டரையே தனியாக ஓட்ட வேண்டாம், எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். 2023-ல் டாக்டர் வெப் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இப்படிப்பட்ட சில விண்டோஸ் 10 பிரதிகளைப் பிரித்துப் பார்த்தது. கணினி பூட் ஆவதற்காக ஒதுக்கியிருக்கும் இஎஃப்ஐ பகுதியில் (ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத சிறு ஒதுக்கீடு) திருட்டு நிரல் ஒளிந்திருந்தது. வழக்கமான ஸ்கேன்கள் பெரும்பாலும் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

‘என்னிடம் கிரிப்டோவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. என்னத்தைத் திருடப் போகிறான்?’ பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிரவுசர். குரோமில் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று கேட்டபோதெல்லாம் ‘சரி’ அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பட்டியல் முழுவதையும் இந்த நிரல்கள் சில நொடிகளில் எடுத்துவிடும். ‘ஓடிபி இல்லாமல் அவனால் உள்ளே போக முடியாதே?’ போகலாம். நீங்கள் ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்துவிட்டால் ‘இவர் ஏற்கெனவே நுழைந்தவர்’ என்று ஒரு குக்கீ (தளம் உங்களை அடையாளம் காண வைக்கும் சிறு கோப்பு) கணினியில் தங்கும். அதைத் திருடி வேறு கணினியில் வைத்தால், பாஸ்வேர்டும் கேட்காமல் ஓடிபியும் கேட்காமல் பல நேரம் கதவு திறந்துவிடும். ஜிமெயில் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் மற்றக் கணக்குகளில் முக்கால்வாசிக்கு ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ பட்டனை அழுத்தினால் கடிதம் வருவது அங்கேதான். ஃபோனில் இருக்கும் ஜிபே, ஃபோன்பே இதனால் நேரடியாகப் பாதிக்கப்படாது. நெட்பேங்கிங் செய்கிறவர்களுக்கு அந்த ஆறுதல் கிடையாது.

அடுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்குச் சொந்த லேப்டாப்பில் அலுவலக மெயில் பார்ப்பவர் நீங்கள் என்றால், அந்தக் கணக்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நாளை அலுவலகத்தில் ஏதாவது கசிந்து, தேடிக்கொண்டு வந்து உங்கள் பெயரில் நின்றால், “கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்” என்ற விளக்கம் எடுபடாது. சிறுசேரிப் பக்கம் ஐடி வேலையை நம்பி வசிக்கிறவர்களுக்குப் பணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம் என்பது என் எண்ணம்.

பிறகு கோப்புகள். ‘ஸ்டாப் டிஜேவு’ என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பல ஆண்டுகளாகக் கிராக், ஆக்டிவேட்டர் இவற்றின் வழியாகவே வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்துவந்திருக்கிறது. ஒருநாள் காலையில் கல்யாண ஆல்பம், அப்பாவின் பத்திர நகல், எம்பிஏ ப்ராஜெக்ட் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருக்கும். எதுவும் திறக்காது. கூடவே, எவ்வளவு டாலர் அனுப்ப வேண்டும் என்று ஒரு குறிப்பு.

இவ்வளவும் நடக்காமல், லேப்டாப் சும்மா சூடாகிக்கொண்டும் ஃபேன் ஓயாமல் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். யாரோ ஒருவருக்காக அது கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறது. யூனிட் கணக்கில் கரன்ட் பில் வாங்கும் அறைகளில் அதற்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். இன்னும் மோசமாக, உங்கள் இணைய இணைப்பை வேறொருவன் தன் குற்றத்துக்கு வாசலாகப் பயன்படுத்தினால், போலீஸ் தேடி வரும் முகவரி உங்களுடையது.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 63-பி பிரிவு, உரிமமில்லாத நிரல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்கு இல்லை என்றால் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கியது. 2 ஆண்டு வரை சிறை. அறையில் சினிமா பார்க்கும் ஒருவர் வீட்டுக் கதவை இதற்காகப் போலீஸ் தட்டுவது அபூர்வம், மறைக்க வேண்டியதில்லை. சிறு அலுவலகம், ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர், பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்கள் அப்படி நினைக்க வேண்டாம். விற்கும் கணினியில் உரிமமில்லாத விண்டோஸை ஏற்றிக் கொடுத்தவர்கள் மீது மைக்ரோசாஃப்ட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2005-லேயே இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கியிருக்கிறது.

என் லேப்டாப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் ஓரளவு நல்லது. ஆனால் சில கருவிகள் அதையும் ஏமாற்றி வாங்கிவிடும். ‘ஆர்கனைசேஷன்’ என்ற சொல் வரும்படி, உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் ஆனது என்று எழுதியிருந்தால், அது உங்களுக்கான உரிமம் அல்ல என்பதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் சொந்த லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்?

அடுத்து, விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். நிரந்தரம் என்ற பொருளில் பதில் வந்தால் சரி. ஆறு மாதத்துக்குள் ஒரு தேதி வந்தால் அது கேஎம்எஸ்.

மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ (ஆன்டிவைரஸ் பார்க்கக் கூடாத இடங்கள்) என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் எதையும் சேர்த்ததில்லை என்றால் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே ஏதாவது ஃபோல்டர், சில நேரம் சி டிரைவ் முழுவதுமே, இருந்தால் யாரோ உங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இருக்கிறது என்று தெரிந்துவிட்டால்? அந்த லேப்டாப்பில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதிலிருந்து மாற்றாதீர்கள், ஃபோனிலிருந்து மாற்றுங்கள். முதலில் ஜிமெயில், அதில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். அப்போதுதான் திருடுபோன குக்கீ செல்லாமல் போகும். அடுத்து வங்கி, பிறகு அலுவலகம். ஃபோட்டோ, ஆவணங்களை மட்டும் வெளி டிரைவில் எடுத்து வையுங்கள், நிரல் கோப்புகள் வேண்டாம். பிறகு நம்பிக்கையான வேறு கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, பழைய பகுதிகள் அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுங்கள். ‘ஸ்கேன் செய்தால் போதாதா?’ போதாது. முழு அதிகாரம் பெற்ற ஒரு நிரல் எங்கெங்கே என்ன வைத்தது என்று ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது.

பணம் போயிருந்தால் 1930-ஐ உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், வெளியாள் புகுந்து செய்த மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் அந்தப் பாதுகாப்பு சுருங்கும். ஆன்டிவைரஸை நீங்களே அணைத்தீர்கள் என்பதை வங்கி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேரில் புகார் செய்ய வேண்டியவர்களுக்கு: 2022 முதல் சிறுசேரி, படூர்ப் பக்கமெல்லாம் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது.

‘பத்தாயிரம் ரூபாய் பக்கம் விற்கும் விண்டோஸை இருபதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு எப்படி வாங்குவது?’ இந்த ஆதங்கம் நியாயம். ஆனால் வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: உங்களிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கக்கூடும். செகண்ட் ஹேண்டில் வரும் பெரும்பாலான லேப்டாப்புகள் நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவை. விண்டோஸ் 10 அல்லது 11-உடன் வந்தவை என்றால் மதர்போர்டிலேயே கீ இருக்கும், பல நேரம் புரோ பதிப்புக்கே இருக்கும். அதே பதிப்பைச் சுத்தமாக நிறுவி இணையத்தோடு இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், காசு கிடையாது. கடையில் எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவைச் செருகி, ஒரே ஆக்டிவேட்டரை ஓட்டிப் பழகிவிட்டதால், உங்களுடைய நல்ல உரிமத்தை ஓரம்கட்டிவிட்டுப் போலியை ஏற்றியிருப்பார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால்.

முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கீ? பெரும்பாலும் நிறுவனங்களுக்காகக் கொடுத்த கீயைச் சில்லறையாக விற்பது. வைரஸ் ஆபத்து இல்லை. ஆனால் என்றைக்கு வேண்டுமானாலும் செல்லாமல் போகலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களிலும் குறுக்கு வழியில் அதை ஏற்றி ஆக்டிவேட்டரையும் ஓட்டித் தரும் பழக்கம் கடைகளில் இருக்கிறது. அந்த வகை லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் சரி என்பேன். உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை, 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் மாணவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரெஆஃபீஸ்; அல்லது கூடுவாஞ்சேரிப் பக்கமே தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் ரைட்டர், ஷீட். ஆட்டோகேட், டேலி போன்றவை அவசியம் என்றால் லினக்ஸ் ஒத்துவராது, விண்டோஸுக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். “அண்ணா, மெஷின்ல இருக்கிற கீயிலேயே ஆக்டிவேட் ஆகுதான்னு என் முன்னாடி பார்த்துச் சொல்லுங்க.” “பில்லில் விண்டோஸ் லைசென்ஸ்னு எழுதிக் கொடுங்க.” எழுதத் தயங்கினால், ஓஎஸ் எதுவும் போடாமல் லேப்டாப்பை மட்டும் வாங்கி வாருங்கள். விண்டோஸோ லினக்ஸோ, அறைக்கு வந்து நீங்களே நிறுவ ஒரு மாலைப் பொழுது போதும்.